உழவும் மண் இறுக்கமும்

மண் இறுக்கம் என்பது எடையால் மண் துகள்கள் நெருங்கி, அவற்றுக்கு இடையே காற்றும் நீரும் தங்கும் புழைகள் சுருங்குவதைக் குறிக்கும். மண்ணை இளக்கத்தான் உழுகிறோம். ஆனால் ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழும்போது, கொழு உராயும் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு கெட்டிப் படுகை உருவாகிறது. கோதுமை, மக்காச்சோள வேர்கள் அதைத் துளைக்க முடியாமல் பக்கவாட்டில் படர்கின்றன. அடிமண்ணில் ஈரம் இருந்தும் மழை பொய்க்கும் நாட்களில் பயிர் வாடும்.

மண்ணைப் பொடியாக்குவதே நல்ல வேளாண்மை என்ற எண்ணத்துக்கு ஐரோப்பாவில் வலுச் சேர்த்தவர் இங்கிலாந்தின் ஜெத்ரோ டல் (1674–1741). செடி நுண்ணிய மண் துகள்களையே உண்கிறது என அவர் நம்பினார். அது தவறு. எனினும் களை ஒழிந்து பயிர் செழித்ததால் அவர் முறை நிலைத்தது.

1837இல் ஜான் டியர் இல்லினாய்சில் எஃகுக் கலப்பை செய்தார், புல்வெளிகள் விளைநிலங்களாயின. 1930களின் வறட்சியில் அமெரிக்கத் தெற்குச் சமவெளிகளின் உழுத மண் புழுதிப் புயலாகப் பறந்தது. 1935 ஏப்ரல் 14 'கருப்பு ஞாயிறு' எனப்படுகிறது; அதே மாதம் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1943இல் எட்வர்டு ஃபாக்னர், உழவுக்கு அறிவியல் காரணம் எதுவும் காட்டப்படவில்லை என்று நூலெழுதிப் பெரும் விவாதத்தைக் கிளப்பினார்.

இதற்கிடையே டிராக்டர் வந்தது. உழும்போது அதன் ஒரு பக்கச் சக்கரம் படைச்சாலுக்குள்ளேயே ஓடி, அடிமண்ணை நேரடியாக அழுத்தியது. அகன்ற டயர் மேல்மண்ணைக் காக்கும். ஆழத்தில் இறங்கும் அழுத்தத்தை அச்சின் மீதுள்ள எடையே பெரிதும் தீர்மானிக்கிறது.

உழாமல் விதைப்பது 1960களில்தான் பரவத் தொடங்கியது. அதைச் சாத்தியமாக்கியவை களைக்கொல்லிகள் என்பதை அம்முறையைப் புகழ்வோர் பலர் சொல்வதில்லை. தொடக்க ஆண்டுகளில் உழாத நிலத்தின் மேல்மண் உழுத நிலத்தைவிடக் கெட்டியாகவே இருப்பதுண்டு. குளிர் நாடுகளில் நாற்றின் வளர்ச்சி மந்தமாகும். நாளடைவில் மண்புழுத் துளைகளும் பழைய வேர்த்தடங்களும் புது வேர்களுக்கு வழி விடுகின்றன.

நெல்லின் கதை வேறு. சேற்றுழவால் உண்டாகும் கெட்டிப் படுகை நீரைத் தேக்குவதால் நெல்லுக்கு அது வேண்டியது. வட இந்தியாவில் அடுத்து விதைக்கும் கோதுமைக்கோ அதுவே தடை. காவிரிப் படுகை உழவர்கள் சம்பா அறுவடைக்கு முன்பே நிற்கும் பயிரில் உளுந்தைத் தூவி, எஞ்சிய ஈரத்தில் உழாமலே விளைவிக்கின்றனர்.