இருவேல்பட்டு: ஐந்து முறை ஆராயப்பட்ட ஒரு கிராமம்

இருவேல்பட்டு என்ற ஊர்ப் பெயரை விழுப்புரம் மாவட்டத்துக்கு வெளியே எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தின்போது அந்த ஊர் மக்கள் சாலை மறியல் செய்ததும், பார்வையிட வந்த அமைச்சர் ஒருவர் மீது சேறு வீசப்பட்டதும் டிவியில் ஓடியது. அதைப் பார்த்தவர்களுக்கு ஒருவேளை ஞாபகம் இருக்கலாம். ஆனால் பொருளாதாரம் படிப்பவர்கள் மத்தியில் இந்த ஊருக்கு அதற்கு நூறு வருஷம் முன்பே பெயர் உண்டு. இந்தியாவில் ஒரே கிராமத்தைத் திரும்பத் திரும்பப் போய் ஆராய்ந்து, ஒரு நூற்றாண்டு மாற்றத்தைப் பதிவு செய்த இடங்கள் மிகக் குறைவு. அதில் இருவேல்பட்டு ஒன்று. இதைத் தொடங்கி வைத்தவர்கள் பெரிய ஆராய்ச்சியாளர்கள் அல்ல, கல்லூரி மாணவர்கள் என்பதுதான் சுவாரஸ்யம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ல் தொடங்கப்பட்டது. ஆனால் ரொம்ப காலத்துக்கு அது தேர்வு நடத்தி பட்டம் கொடுக்கும் இடமாகத்தான் இருந்தது. பாடம் நடத்துவதெல்லாம் கல்லூரிகளின் வேலை. 1904ல் வந்த பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பிறகுதான் பல்கலைக்கழகமே பேராசிரியர்களை நியமித்து ஆராய்ச்சியும் நடத்தலாம் என்ற நிலை வந்தது. அப்படி இந்தியப் பொருளாதாரத்துக்கு என்று உருவான பேராசிரியர் பதவிக்கு 1915ல் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர்.

இவர் வழக்கமான பேராசிரியர் இல்லை. லண்டனில் வூல்விச் பகுதிக்கு மேயராக இருந்தவர். தொழிலாளர்கள் படிப்பதற்காக ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ரஸ்கின் கல்லூரிக்கு 1909 முதல் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்து கிராமங்களில் பொது நிலங்கள் எப்படி வேலி போட்டு வளைக்கப்பட்டன, சிறு விவசாயிகள் எப்படி நிலமில்லாதவர்கள் ஆனார்கள் என்று 1907ல் ஒரு புத்தகமே எழுதியவர். நிலம் யார் கையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு ஊரைப் புரிந்துகொள்ள முடியும் என்பது அவருக்கு இங்கே வருவதற்கு முன்பே பழக்கமான விஷயம்.

சென்னைக்கு வந்து பார்த்தால், மாணவர்கள் இங்கிலீஷ் பாடப்புத்தகங்களை மனப்பாடம் செய்து கொண்டிருந்தார்கள். லண்டன் பணச்சந்தை பற்றித் தெரியும், சொந்த ஊரில் ஒரு கூலியாளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை படி நெல் என்று கேட்டால் தெரியாது. ஸ்லேட்டர் ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்து மாணவர்களிடம் கொடுத்தார். லீவுக்கு ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா, முடிந்தால் சொந்த ஊரிலேயே விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். எத்தனை வீடுகள், எவ்வளவு நிலம், யாருக்குச் சொந்தம், எத்தனை மாடுகள், கூலி பணமாகவா தானியமாகவா, கடன் எவ்வளவு, வட்டி என்ன... இப்படிப் போகும் கேள்விகள். 1916ல் தொடங்கிய இந்த வேலை 1918ல் 'சில தென்னிந்திய கிராமங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலப் புத்தகமாக வந்தது.

அதில் உள்ள தமிழ் கிராமங்களில் ஐந்துதான் பின்னாளில் 'ஸ்லேட்டர் கிராமங்கள்' என்று பேர் பெற்றன. தென்னாற்காட்டில் இருவேல்பட்டு, வடஆற்காட்டில் தூசி, தஞ்சாவூர் ஜில்லாவில் பாலக்குறிச்சி, ராமநாதபுரம் ஜில்லாவில் வடமலைபுரம், திருநெல்வேலியில் கங்கைகொண்டான். (இந்த கங்கைகொண்டான் வேறு, அரியலூர் மாவட்டத்து கங்கைகொண்ட சோழபுரம் வேறு. இன்றைக்கு சிப்காட் தொழில்பேட்டை இருக்கிறதே, அந்த கங்கைகொண்டான்.)

கிட்டத்தட்ட அதே காலத்தில் புனே விவசாயக் கல்லூரியில் இருந்த ஹரால்டு மான் ஒரு தக்காணக் கிராமத்தை ஆராய்ந்து 1917ல் புத்தகம் போட்டார். அதற்கும் முன்னால் சார்லஸ் பூத் லண்டனிலும், ரௌன்ட்ரீ யார்க் நகரத்திலும் வறுமையை வீடு வீடாகக் கணக்கெடுத்திருந்தார்கள். ஏழ்மையைப் பற்றி மேடையில் பேசுவதை விட எண்ணிப் பார்ப்பது மேல் என்ற எண்ணம் அப்போது உலகம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்த காலம் அது.

சரி, இருவேல்பட்டில் என்ன கிடைத்தது? படியாள் முறை கிடைத்தது. திருவெண்ணெய்நல்லூர் பக்கம் பெண்ணையாற்றுப் பகுதியில் உள்ள ஊர் அது. நிலத்தில் பெரும்பகுதி ஒரு சில குடும்பங்களிடம். அந்த நிலத்தில் வேலை செய்தவர்களில் பலர் படியாட்கள். கல்யாணச் செலவுக்கு என்று நிலக்காரரிடம் ஒரு தொகை வாங்குவார்கள். அந்தக் கடன் தீராது. தீரும்படியான கூலியும் கிடையாது. அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் உழைப்பான், அவன் மகனும் உழைப்பான். நிலம் கை மாறினால் ஆளும் கூடவே கை மாறுவான். வணிகவியல் படிப்பவர்களுக்குக் கடன் என்றால் அசல், வட்டி, தவணை, கடைசியில் கணக்கு முடிவது. இங்கே கணக்கு முடியவே கூடாது என்பதுதான் கடன் கொடுப்பதன் நோக்கம்! கடன் கொடுத்தவருக்கு வேண்டியது வட்டி அல்ல, ஆள்.

இதை அன்றைக்கு ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரில் அச்சில் வருவது வேறு. "அதெல்லாம் அந்தக் காலம்" என்றோ "எங்கள் பக்கம் அப்படிக் கிடையாது" என்றோ சொல்லித் தப்பிக்க முடியாது.

இந்த ஆராய்ச்சியில் குறையும் உண்டு. அந்தக் காலத்தில் கல்லூரிப் படிப்பு வரை போக முடிந்தவர்கள் பெரும்பாலும் நிலம் வைத்திருந்த அல்லது உயர்ந்த சாதிக் குடும்பத்துப் பையன்கள். அவர்கள் சேரிக்குள் போய், திண்ணையில் உட்கார்ந்து, பெண்களிடமும் கேட்டு எழுதியிருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது கஷ்டம். கர்ணமும் மிராசுதாரும் சொன்னதுதான் பல இடங்களில் பதிலாகியிருக்கும். படியாளே தன் வாயால் சொன்ன கணக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அந்தப் புத்தகத்தில் இல்லாத பக்கம்.

ஸ்லேட்டர் போன பிறகு அதே பதவிக்கு வந்தவர் பி.ஜே. தாமஸ். இவரும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1936-37ல் அதே கிராமங்களில் மறு ஆய்வு நடத்தினார்கள். 1940ல் அது புத்தகமானது. இடைப்பட்ட காலத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை விழுந்திருந்தது. விலை பாதியானால் வாங்கிய கடன் தானாகவே இரண்டு மடங்கு கனக்கும் அல்லவா? 1938ல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டு வந்தது இந்தச் சூழ்நிலையில்தான். ஆனால் அந்தச் சட்டம் நிலம் வைத்திருந்த விவசாயியை மனதில் வைத்து எழுதப்பட்டது. நிலமே இல்லாத படியாளுக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வருவதற்கு 1976 வரை ஆனது. மாணவர்கள் எழுதிக் கொடுத்து அறுபது வருஷம்!

1961ல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். அவரது புத்தகம் 1967ல் வெளிவந்தது.

அடுத்தது குகன். எஸ். குகன் ஐ.ஏ.எஸ். அதிகாரி, தமிழ்நாடு அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்தவர். மால்கம் ஆதிசேஷையா 1971ல் சென்னை அடையாறில் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து ஆராய்ச்சியாளர் ஆனார். கோப்பில் கையெழுத்துப் போட்டவரே ஊருக்குப் போய், அந்தக் கையெழுத்து என்ன செய்தது என்று பார்ப்பது எவ்வளவு அபூர்வம்! 1980களின் தொடக்கத்தில் ஸ்லேட்டர் கிராமங்களுக்கு மறுபடியும் போனார்கள். குகனும், அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரும் சேர்ந்து இருவேல்பட்டு பற்றி எழுதிய கட்டுரை 1983ல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி'யில் வந்தது. நில உச்சவரம்புச் சட்டம், பசுமைப் புரட்சி எல்லாம் வந்த பிறகும் அந்த ஊர் எந்த அளவு மாறியது, எந்த அளவு மாறவில்லை என்பதுதான் விஷயம்.

குகன் அதன் பிறகு அதிகம் எழுதியது சமூகப் பாதுகாப்பு பற்றி. உழைக்க முடியாத வயதில் கூலித் தொழிலாளிக்கு யார் சோறு போடுவது? சம்பாதிக்கிற ஆள் செத்துப்போனால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்? அரசு ஒரு அடிப்படைத் தொகையாவது கொடுக்க முடியும், அதற்கு பட்ஜெட்டில் இடம் இருக்கிறது என்று நிதித்துறைக்காரர் பாணியில் கணக்குப் போட்டுக் காட்டினார். 1995ல் மத்திய அரசு தேசிய சமூக உதவித் திட்டத்தைக் கொண்டு வந்தபோது அதில் முதியோர் பென்ஷன், குடும்பத் தலைவர் இறந்தால் உதவி, பேறுகால உதவி மூன்றும் இருந்தன. அதை ஒருவருடைய கட்டுரைக்கு மட்டும் பெருமையாகக் கொடுத்துவிட முடியாது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962லேயே தொடங்கிவிட்டது. ஆனால் "காசு எங்கே?" என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில் எழுதி வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். 1998ல் இறந்தார்.

ஐந்தாவது முறை 2008ல். ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் எழுதிய கட்டுரை 2010ல் வந்தது. நிலக்காரர்களின் பிடி மெதுவாகத் தளர்ந்து போனதை அதில் படிக்கலாம். விவசாயத்துக்கு வெளியே வேலை, ஓட்டு அரசியல், ரேஷன் அரிசி போன்ற அரசுத் திட்டங்கள் எல்லாம் சேர்ந்து, தலித் தொழிலாளர்களைப் பழைய அடிமைத்தனத்திலிருந்து வெளியே கொண்டு வந்திருந்தன. கடும் வறுமை குறைந்திருந்தது. நிலையான நல்ல வேலை மட்டும் கிடைக்கவில்லை. 1916ல் படியாளின் பேரன் எங்கே இருப்பான் என்று கேட்டிருந்தால் அதே வயலில் என்று சொல்லியிருப்பார்கள். இன்று அவன் ஏதாவது ஒரு நகரத்தில் கட்டட வேலையில் இருக்கலாம். ஜெயரஞ்சன் 2021ல் தமிழக அரசின் திட்டக் குழுத் துணைத்தலைவர் ஆனார்.

இதையெல்லாம் படித்துவிட்டு இன்றைய பி.காம். கடைசி வருஷ புராஜெக்ட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். 'வாடிக்கையாளர் திருப்தி – ஓர் ஆய்வு', நூறு பேரிடம் கேள்வித்தாள் (அதிலும் அறுபது ஹாஸ்டலில் பூர்த்தி செய்தது), ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங், முடிந்தது. ஸ்லேட்டர் கொடுத்ததும் ஒரு கேள்வித்தாள்தான். வித்தியாசம், அவருக்குப் பதில் உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

ஸ்லேட்டரின் ஐந்து ஊர்களில் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஊர் ஒன்றுகூட இல்லை. அப்போது இந்தப் பகுதி திருச்சி ஜில்லா. வரதராஜன்பேட்டை, ஆண்டிமடம் சுற்றுவட்டாரம் முழுக்க முந்திரிக்காடு. முந்திரித் தோப்பை யார் யாருக்கு என்ன விலைக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள், கொட்டை உடைக்கும் பெண்களுக்குக் கிலோவுக்கு எவ்வளவு கூலி, தோல் பால் பட்டுக் கை வெந்தால் வைத்தியச் செலவு யாருடையது, சீசன் இல்லாத மாதங்களில் குடும்பச் செலவுக்கு யாரிடம் கடன், வாரத் தவணை என்ன வட்டியில் ஓடுகிறது? லீவுக்கு ஊருக்குப் போகிற ஒரு மாணவரால் ஒரே மாதத்தில் கேட்டு எழுதிவிடக்கூடிய கேள்விகள் இவை. செலவு ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா.