கணினி இல்லாமல் ஒரு கணினிப் படம்

நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். கடைசியில் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை 1987 செட் பிள்ளைகள் பதினாலு பேர் குடும்பத்தோடு புளியஞ்சோலைக்கு வந்திருந்தார்கள். பிள்ளைகள் என்கிறேன், பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. ஆற்றில் குளித்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். குரங்குகளுக்கும் பங்கு போனது. அப்போது சென்னையில் கிராபிக்ஸ் கம்பெனியில் இருக்கிற தம்பி, "சார், இந்தியாவுல கம்ப்யூட்டர் அனிமேஷன் நம்ம சென்னையிலதான் ஆரம்பிச்சது. பென்டாமீடியா எடுத்த பாண்டவாஸ், ரெண்டாயிரத்துல" என்றான். முழுநீள முப்பரிமாணப் படம் என்றால் அவன் சொன்னது சரிதான். தேசிய விருதும் வாங்கிய படம். ஆனால் கதை அதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே தொடங்கிவிட்டது என்றேன். "எப்படி சார்?" என்று கேட்டான். அங்கே சொல்லி முடிக்க நேரமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கணினி அனிமேஷன் என்றதும் நமக்குத் திரைதான் கண்ணில் வருகிறது. ஆரம்பத்தில் பல இடங்களில் திரையே கிடையாது. அமெரிக்காவில் ஜான் விட்னி என்பவர் இரண்டாம் உலகப்போரில் விமானங்களைச் சுடும் பீரங்கியைக் குறிபார்க்கப் பயன்பட்ட கருவியைப் பழைய சாமானாக வாங்கி, அதன் பல்சக்கரங்களை வைத்துக் கோலம் போல வடிவங்களைச் சுழலவிட்டுப் படம் பிடித்தார். 1961-இல் வந்த அந்தப் படத்தின் பெயர் 'கேட்டலாக்'.

எனக்கு மிகவும் பிடித்தது மாஸ்கோ பூனை. 1968-இல் நிக்கொலாய் கான்ஸ்தாந்தினோவ் என்ற கணித ஆசிரியரும் அவருடைய குழுவினரும் ஒரு பூனையை நடக்கவிட்டார்கள். பூனை நடப்பதை வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதும்போது நீங்கள் தூங்குவீர்களே, அந்த இரண்டாம் வரிசைச் சமன்பாடுகள்தான்! பெஸ்ம்-4 என்ற ரஷ்யக் கணினி அவற்றைத் தீர்த்தது. விடையை எழுத்துகளாலேயே பூனை உருவமாகக் காகிதத்தில் அச்சடித்தது. துறையூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் எக்ஸ் எக்ஸாக அடித்துக் காந்தி படம் கொண்டுவருவார்கள், பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி. ஒவ்வொரு தாளாகக் கேமராவில் பிடித்து ஓட்டினால் பூனை நடக்கிறது, திரும்பிப் பார்க்கிறது. இன்றைக்கும் இணையத்தில் கிடைக்கிறது, பாருங்கள். பிற்காலத்தில் நகரங்களின் போட்டி என்ற உலகப் புகழ்பெற்ற கணிதப் போட்டியைத் தொடங்கியவரும் இதே மனிதர்தான். நம் ஜாதி என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

கனடாவில் 1974-இல் பீட்டர் ஃபோல்டெஸ் 'ஹங்கர்' என்ற குறும்படம் எடுத்தார். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் ஓவியர் வரைந்து கொடுத்தால் இடையில் வரும் படங்களைக் கணினி போட்டுவிடும். இன்று அந்தத் தம்பியின் ஆபீசில் நடப்பதும் அடிப்படையில் அதுதான். ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போன படம்.

இனி பம்பாய்க்கு வருகிறேன்.

அக்பர் பதம்சி என்ற பெரிய ஓவியர். 1969-இல் அவருக்கு ஜவஹர்லால் நேரு ஃபெலோஷிப் கிடைத்தது. அந்தப் பணத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. ஓவியர்களும் திரைப்படக்காரர்களும் சேர்ந்து சோதனை செய்து பார்க்க ஒரு பட்டறை தொடங்கினார். நளினி மலானி இளம் வயதில் தம் முதல் பரிசோதனைகளைச் செய்தது அங்கேதான். அந்தப் பட்டறையில் பதம்சி எடுத்த படம் 'சிசிஜி'. சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே கோட்டில் வருவதைக் குறிக்கும் வானியல் சொல் அது. பதினொரு நிமிஷம், கறுப்பு வெள்ளை, சத்தமே கிடையாது. கதையும் கிடையாது. புள்ளிகள் வருகின்றன, கோடுகள் அவற்றை இணைக்கின்றன, வடிவங்கள் வளர்கின்றன, உடைகின்றன.

அந்தக் கோடுகளை அவர் மனம்போன போக்கில் போடவில்லை. ஒரு கணக்கு முறையை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, அது சொல்லுகிறபடி ஏறக்குறைய ஆயிரம் படங்களைக் கையால் வரைந்தார். நிரல் இருந்தது, அதை ஓட்டும் இயந்திரமாக அவரே உட்கார்ந்துகொண்டார்! படங்களுக்கு அசைவு கொடுத்தவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், பிறகு ஃபிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவில் தொழில் கற்றவர். நீங்கள் டி.வி.யில் பார்த்திருக்கும் ஜப்பான் கூட்டுத் தயாரிப்பான ராமாயணக் கார்ட்டூனில் அவரும் ஓர் இயக்குநர்.

எனக்கு மனசு கனக்கும் இடம் ஒன்று உண்டு. அதே பம்பாயில், கொலாபா முனையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் அப்போது கணினி இருந்தது. 1960-லேயே டிஃப்ராக் என்ற கணினியை அவர்களே கட்டி இயக்கினார்கள். வரைபடம் காட்டும் திரை கூட அதில் உண்டு. அந்தக் குழுவை நடத்திய ஆர். நரசிம்மன் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். படங்களுக்கும் இலக்கணம் எழுதலாம் என்று உலகுக்குச் சொன்ன முன்னோடிகளில் ஒருவர். ஒரே ஊரில் படத்துக்கு விதி எழுதும் விஞ்ஞானி ஒரு மூலையில், விதிப்படி படம் வரையும் ஓவியர் இன்னொரு மூலையில். யாராவது ஒருவர் கூட்டிப்போய் அறிமுகம் செய்து வைத்திருந்தால்? ஆசிரியர் வேலையில் பாதி அதுதானே.

தமிழ்நாட்டிலும் அந்த வருஷங்களில் இதே எண்ணம் ஓடியது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் மூவரும் நம் வாசல் புள்ளிக் கோலத்தை எடுத்துக்கொண்டு, சின்னக் கோலத்திலிருந்து பெரிய கோலம் எந்த விதிப்படி வளர்கிறது என்று ஆராய்ந்தார்கள். 1974-இல் கணினி வரைகலைக்கான சர்வதேச இதழிலேயே அந்தக் கட்டுரை வெளிவந்தது. என் அம்மா இதைக் கேட்டிருந்தால், "இதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டிருப்பார்.

பதம்சி அந்தப் பட்டறையில் இன்னொரு படமும் எடுத்தார். 'ஈவென்ட்ஸ் இன் எ கிளவுட் சேம்பர்'. தம் ஓவியம் ஒன்றையே வண்ண ஒளியால் திரும்பக் கட்டிய சிறிய படம். ஒரே ஒரு பிரதிதான். அதை டெல்லியில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினார்கள். போனது போனதுதான், திரும்பி வரவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து, ஆஷிம் அலுவாலியா என்ற இயக்குநர் முதுமையிலிருந்த பதம்சியையே உட்காரவைத்து, அவர் நினைவிலிருந்து அதை மறுபடி உருவாக்கி 2016-இல் படமாக்கினார். ராம் மோகன் 2019 அக்டோபரில் காலமானார். அடுத்த ஜனவரியில் பதம்சி, நம் கோயம்புத்தூர்ப் பக்கத்தில். 91 வயது.

இப்போது மன்னிப்பு.

1987 செட்டுக்கு நினைவிருக்கும். நம் பள்ளிக்கு கிளாஸ் திட்டத்தில் பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. 32 கே நினைவகம். நல்ல வண்ணத்தில் படம் காட்டச் சொன்னால் அதில் 20 கே திரைக்கே போய்விடும், நிரல் எழுத இடமே இருக்காது. அதனால் கறுப்பு வெள்ளையில், நாலாம் மோடில், நீங்கள் ஆறு பேர் சேர்ந்து ஆகாச கங்கை விழுந்து புளியஞ்சோலைக்கு ஆறாக ஓடிவருவதைப் படமாக்கினீர்கள். விழும் துளிக்கு அரை ஜி டி ஸ்கொயர். ஒரு தடவை வரைந்த கோட்டின் மேலேயே மறுபடி வரைந்தால் அது அழிந்துவிடும் என்ற தந்திரத்தைக் கண்டுபிடித்தது ஆண்பிள்ளைகள் இல்லை, இப்போது சேலத்தில் பேரன் எடுத்துவிட்ட அந்தப் பெண். அரை நிமிஷம் ஓடும். ஆண்டு விழாவில் மூன்று முறை போடச் சொன்னார்கள். நிரலை ஒரு கேசட்டில் பதிந்து என்னிடம் கொடுத்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாதான் கேட்டது: "சார், அந்தக் கேசட் இருக்கா? பேரனுக்குக் காட்டணும்." நான் வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். கணினிகளைக் கழித்துக் கட்டியபோது கேசட்டும் போய்விட்டது என்று.

அது பொய். முப்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிவரும் பொய். கேசட் என் வீட்டில்தான் இருந்தது. 1991-இல் என் மகள் பள்ளியில் பாடுவதைப் பதிய வேண்டும், வீட்டில் வேறு கேசட் இல்லை. மேலே காகிதத்தில் உங்கள் ஆறு பேர் பெயரும் எழுதியிருந்தது. பார்த்துக்கொண்டேதான் பதிந்தேன். "திரும்ப எழுதச் சொன்னால் எழுதிவிடுவார்கள்" என்று அப்போது நினைத்தேன். நீங்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஊர் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. இங்கே ஆற்றங்கரையில் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. மன்னித்துவிடுங்கள்.

பேரன் என் மடிக்கணினியில் அந்தப் பழைய பிபிசி பேசிக்கை ஏற்றிக் கொடுத்திருக்கிறான். நேற்று ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்து முதல் ஏழு வரியை எழுதிவிட்டேன். துளி விழுகிறது. ஆனால் பாறையில் பட்டதும் இரண்டாகப் பிரிந்து போக நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது பிடிபடவில்லை. யாரிடமாவது அந்தக் கிராஃப் நோட்டு இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். இல்லாவிட்டாலும் ஞாபகம் இருப்பதைச் சொல்லுங்கள். ஆடிப்பெருக்குக்கு வருகிறவர்கள் மடிக்கணினிக்கு ஒரு பவர் பேங்க் கொண்டுவந்தால் நல்லது. இங்கே மதியம் கரண்ட் இருக்காது.