பந்தய நாய் தத்தெடுப்பு

பந்தய நாய் தத்தெடுப்பு என்பது, ஓட்டப்பந்தயத்துக்காகவே வளர்க்கப்பட்டு, காயத்தாலோ வேகக் குறைவாலோ வயதாலோ ஓடுதளத்திலிருந்து விலக்கப்பட்ட கிரேஹவுண்ட் நாய்களை மீட்டு வீட்டு நாய்களாக வளர்க்கக் கொடுக்கும் வழக்கம். பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் இது பரவலாக வேரூன்றியது. நவீன நாய்ப்பந்தயம் 1919இல் பிறந்தது. ஓடி முடித்த நாய்க்கு வீடு தேடும் முறையான முயற்சிகளோ 1970களில்தான் தொடங்கின. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் பந்தயத்தைவிட்டு வெளியேறிய நாய்களில் பெரும்பாலானவை கொல்லப்பட்டன.

இனமும் உடலமைப்பும்

கிரேஹவுண்ட், மோப்பத்தை நம்பாமல் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டைநாய் வகையைச் சேர்ந்தது. சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பார்த்தவர்களுக்கு இதன் உடல்வாகு புதிதாகத் தெரியாது: நீண்ட கால்கள், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, குறுகிய தலை. வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர் வரை எட்டும். உடல் அளவோடு ஒப்பிட்டால் இதயம் பெரியது. இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம் மற்ற நாய்களைவிட அதிகம். உடலில் கொழுப்பு மிகக் குறைவு. ஓட்டத்துக்கு உதவும் இந்த இயல்புகளே பின்னாளில் இந்த நாயின் வீட்டு வாழ்க்கையையும் மருத்துவத்தையும் தனித்தன்மை உடையவையாக்கின.

பந்தயத்தின் தோற்றம்

இங்கிலாந்தில் உயிருள்ள முயலின் பின்னால் இரண்டு நாய்களை அவிழ்த்துவிட்டு, அவற்றின் திறமைக்குப் புள்ளி கொடுக்கும் போட்டி பிரபுக்களின் பொழுதுபோக்காக இருந்தது. இதற்கான முதல் சங்கத்தை 1776இல் நார்ஃபோக்கின் சுவாஃபம் ஊரில் ஆர்ஃபோர்டு பிரபு நிறுவினார். 1836இல் தொடங்கிய வாட்டர்லூ கோப்பை இவ்வகைப் போட்டிகளில் தலையாயதாக விளங்கியது.

முயல் சாகாமல் நாய்கள் ஓட வழி தேடியவர் அமெரிக்கரான ஓவன் பேட்ரிக் ஸ்மித். தண்டவாளத்தில் ஓடும் செயற்கை முயலை அவர் உருவாக்கினார். 1919இல் கலிஃபோர்னியாவின் எமரிவில்லில் அந்த முயலோடு வட்ட ஓடுதளம் திறக்கப்பட்டது. முயலைக் காப்பாற்றப் பிறந்த இந்த ஏற்பாடு, நாய்களை ஆயிரக்கணக்கில் இனப்பெருக்கம் செய்யும் தொழிலாக வளர்ந்தது. 1926 ஜூலை 24 அன்று மான்செஸ்டரின் பெல் வியூ அரங்கில் பிரிட்டனின் முதல் வட்டப் பந்தயம் நடந்தது. அடுத்த ஆண்டே டப்ளின், பெல்ஃபாஸ்ட், சிட்னி நகரங்களிலும் நாய்கள் ஓடின. சிட்னிவாசிகள் அந்தச் செயற்கை முயலுக்கு ‘தகர முயல்’ என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவில் 1931இல் ஃபுளோரிடா மாநிலம் நாய்ப்பந்தயச் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது.

குதிரைப்பந்தயத்துக்குப் பகல் வேளையும் பணமும் வேண்டும். நாய்ப்பந்தயமோ நகருக்குள்ளேயே, விளக்கொளியில், வேலை முடிந்து வரும் தொழிலாளிக்கு எட்டும் கட்டணத்தில் நடந்தது. 1946இல் பிரிட்டன் அரங்குகளுக்குக் கோடிக்கணக்கான நுழைவுச்சீட்டுகள் விற்றன. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆங்கில கிரேஹவுண்ட் டெர்பி பந்தயத்தை வென்ற மிக் த மில்லர் என்ற அயர்லாந்து நாய் நாடறிந்த நட்சத்திரமானது. அதன் பதப்படுத்தப்பட்ட உடல் டிரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதோடு ஓடித் தோற்ற நாய்களுக்கு என்ன ஆயிற்று என்று அக்காலத்தில் அரங்குகளில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஓட்டத்துக்குப் பின்

பந்தய நாய் ஏறத்தாழ ஒன்றரை வயதில் ஓடத் தொடங்கி, மூன்று முதல் ஐந்து வயதுக்குள் ஓட்டத்தை முடிக்கிறது. அதன் இயல்பான ஆயுள் பத்து முதல் பதினான்கு ஆண்டுகள். வாழ்நாளில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும்போதே அதன் பொருளாதாரப் பயன் தீர்ந்துவிடுகிறது. தளத்தை நாய்கள் இடப்புறமாகச் சுற்றி ஓடுவதால் வளைவுகளில் வலப்பின்னங்காலின் கணுக்கால் எலும்பு மிகுந்த அழுத்தத்துக்கு உள்ளாகும். அங்கே ஏற்படும் முறிவுதான் பல நாய்களின் ஓட்டத்தை முடித்துவைத்தது. காயம் படாத நாயும் தகுதி வேகத்தை எட்டாவிட்டால் கொட்டிலில் தீனிச் செலவாகவே கணக்கிடப்பட்டது. சில நாய்கள் இனப்பெருக்கத்துக்குப் போயின, சில மருத்துவக் கல்லூரிகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் கொடுக்கப்பட்டன, எஞ்சியவை கொல்லப்பட்டன.

இந்த நாய்கள் வீட்டுக்கு ஆகாதவை என்ற எண்ணமும் வலுவாக இருந்தது. பந்தயத்தில் ஒன்றையொன்று கவ்விவிடாதபடி அவற்றுக்கு வாய்க்கூடு மாட்டுவார்கள். எப்போதும் வாய்க்கூட்டோடு கண்ட மக்கள், இவை கடிநாய்கள் என்றே நம்பினார்கள்.

தத்தெடுப்பு இயக்கத்தின் தொடக்கம்

பிரிட்டனில் ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் அறக்கட்டளை 1970களின் நடுவில் பந்தயத் துறையின் ஆதரவோடு உருவானது. இன்று அதன் பெயர் கிரேஹவுண்ட் அறக்கட்டளை. அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் சிறு குழுக்கள் ஓடுதளங்களிலிருந்து நாய்களை வாங்கி வீடுகளில் சேர்த்தன. 1987இல் கிரேஹவுண்ட் பெட்ஸ் ஆஃப் அமெரிக்கா தொடங்கி, மாநிலங்கள்தோறும் கிளைகள் அமைத்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1990களில் பந்தய நிர்வாகமே ஒரு தத்தெடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

இக்குழுக்களின் வேலைமுறை எங்கும் ஒரே சாயலில் அமைந்தது. நாய்க்குக் கருத்தடை செய்து, பல் சுத்தம் செய்து, சில வாரங்கள் ஒரு தற்காலிக வளர்ப்பு வீட்டில் விடுவார்கள். பூனையைக் கண்டால் அது என்ன செய்கிறது என்று சோதிப்பார்கள். பிறகு விண்ணப்பித்த குடும்பத்தின் வீட்டையும் வேலியையும் பார்வையிட்டு ஒப்படைப்பார்கள். வளர்க்க முடியாமற்போனால் நாயைக் குழுவிடமே திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் வழக்கமான நிபந்தனை.

பொதுமக்கள் பார்வையை மாற்றியதில் தொலைக்காட்சிக்கும் பங்கு உண்டு. 1989 டிசம்பர் 17 அன்று ஒளிபரப்பான ‘த சிம்ப்சன்ஸ்’ முதல் கிறிஸ்துமஸ் அத்தியாயத்தில், கடைசியாக வந்து உரிமையாளரால் விரட்டப்பட்ட பந்தய நாயைக் குடும்பம் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. அத்தொடர் உலகெங்கும் பரவியபோது, தோற்ற நாய்க்கும் ஒரு வீடு உண்டு என்ற எண்ணமும் கூடவே பரவியது.

காதில் எழுதிய அடையாளம்

பந்தய நாயின் காதின் உட்புறத்தில் குட்டிப் பருவத்திலேயே பச்சை குத்துவார்கள். அமெரிக்க நாயின் இடக்காதில் ஈற்றின் பதிவெண்ணும், வலக்காதில் பிறந்த மாதம், ஆண்டின் கடைசி இலக்கம், அந்த ஈற்றில் எத்தனையாவது குட்டி என்பதைக் குறிக்கும் எழுத்து ஆகியவையும் இருக்கும். அயர்லாந்தில் பதிவான நாய்க்கு இரு காதுகளிலும் குறி உண்டு. பிரிட்டனில் பதிவானதற்கு ஒரு காதில் மட்டும். நாயை மாற்றி ஓடவிட்டுப் பந்தயத்தில் ஏமாற்றுவதைத் தடுக்க வந்த இந்த ஏற்பாடு, நாயின் உரிமையாளரைக் கண்டுபிடிக்கும் தடயமாகவும் ஆனது.

1992இல் அரிசோனாவின் சாண்ட்லர் ஹைட்ஸ் அருகே கைவிடப்பட்ட ஒரு பழத்தோட்டத்தில் 143 கிரேஹவுண்டுகளின் உடல்கள் கிடந்தன. சுட்டுக் கொல்லப்பட்ட அந்த நாய்களின் காதுகள் அறுக்கப்பட்டிருந்தன. யாருடைய நாய்கள் என்று தெரியாமலிருக்கச் செய்த காரியமே, தொழிலின் மறைவான பக்கத்தை நாடெங்கும் செய்தியாக்கியது.

அம்பலங்களும் சீர்திருத்தங்களும்

2006இல் லண்டனின் சண்டே டைம்ஸ், டர்ஹாம் கவுண்டியின் சீஹம் ஊரில் கட்டுமானப் பொருள் வணிகர் ஒருவர் பதினைந்து ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆரோக்கியமான நாய்களைக் கொன்று புதைத்ததாக வெளியிட்டது. கொன்றதற்காக அவரைத் தண்டிக்கச் சட்டம் இடம் தரவில்லை. அனுமதியின்றிப் புதைத்ததற்கே அபராதம் விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, நாய்ப்பந்தயத் துறையை ஆராய்ந்த டோனஹ்யூ பிரபுவின் அறிக்கை வந்தது. அதைத் தொடர்ந்து 2009இல் பிரிட்டனின் புதிய பந்தய வாரியமும், 2010இல் பந்தய நாய் நலன் விதிகளும் வந்தன. 2020இல் தொடங்கிய திட்டத்தின்படி, நாயைப் பந்தயத்துக்குப் பதிவு செய்யும்போதே அதன் ஓய்வுக்காக வைப்புத்தொகை கட்ட வேண்டும். வாரியத்தின் கணக்குப்படி, 2018இல் ஓய்வுபெற்ற நாய்களில் 88 விழுக்காடு தத்துக் கொடுக்கப்பட்டோ உரிமையாளரிடமே தங்கியோ வாழ்ந்தன. 2022இல் அது 94 விழுக்காடாக உயர்ந்தது.

ஆஸ்திரேலியாவில் 2015 பிப்ரவரியில் ‘ஃபோர் கார்னர்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி, பயிற்சியின்போது உயிருள்ள பன்றிக்குட்டிகளையும் முயல்களையும் பொசம் என்னும் சிறு விலங்குகளையும் கட்டி நாய்களுக்கு இரையாகக் காட்டும் காட்சிகளை ஒளிபரப்பியது. நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு முன்னாள் நீதிபதி மைக்கேல் மக்ஹ்யூவை விசாரிக்க நியமித்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் அம்மாநிலத்தில் வளர்க்கப்பட்ட 97,783 நாய்களில், வேகம் போதாதென்று கொல்லப்பட்டவை 48,000 முதல் 68,000 வரை இருக்கலாம் என்று 2016இல் அவர் அறிக்கை தந்தார். மாநில முதல்வர் மைக் பேர்டு ஜூலையில் பந்தயத்துக்குத் தடை அறிவித்தார். கிராமப்புற எதிர்ப்பு கிளம்பியதும் அக்டோபரில் திரும்பப் பெற்றார்.

அயர்லாந்தில் 2019இல் ஆர்.டி.இ. தொலைக்காட்சியின் புலனாய்வு, ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 நாய்கள் கொல்லப்படுவதாக மதிப்பிட்ட ஓர் அறிக்கையை வெளிக்கொணர்ந்தது. பிரிட்டனில் ஓடும் நாய்களில் பெரும்பாலானவை அயர்லாந்தில் பிறந்தவை என்பதால் அதன் அதிர்வு இரு நாடுகளிலும் உணரப்பட்டது.

மக்காவ் மீட்பு

2018 ஜூலையில் மக்காவின் கனிட்ரோம் அரங்கு மூடப்பட்டபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய்கள் உள்ளே இருந்தன. அவற்றில் பல ஆஸ்திரேலியாவிலிருந்து ஏற்றுமதியானவை. தோற்ற நாய்களுக்கு வெளியே வழியில்லாத இடம் என்று அந்த அரங்கு பெயர் எடுத்திருந்தது. உள்ளூர் விலங்குநல அமைப்பான அனிமா பல நாட்டுக் குழுக்களோடு சேர்ந்து, இத்தாலி, பிரிட்டன், அமெரிக்கா, ஹாங்காங் முதலிய இடங்களுக்கு நாய்களை விமானத்தில் அனுப்பியது. மூடப்பட்ட ஓர் அரங்கின் நாய்கள் அனைத்துக்கும் வீடு தேட முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டானது.

வீட்டுக்குள் வரும் நாய்

கொட்டிலில் வளர்ந்த நாய்க்கு வீடு என்பதே அறிமுகமற்ற இடம். மாடிப்படி ஏறத் தெரியாது. கண்ணாடிக் கதவு வழியாக அப்பால் போய்விடலாம் என்று நினைத்து மோதிக்கொள்ளும். எப்போதும் பிற நாய்களோடு இருந்து பழகியதால் தனிமையில் தவிக்கும். தூங்கும்போது யாரும் தொட்டுப் பழக்கமில்லாததால் திடுக்கிட்டு எழுந்து பல்லைக் காட்டலாம். ஆகவே தொடாமல் தூரத்திலிருந்தே பெயர் சொல்லி எழுப்பச் சொல்வார்கள்.

மணிக்கு 70 கிலோமீட்டர் ஓடும் நாய்க்கு நாளெல்லாம் ஓட இடம் வேண்டும் என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் அரை நிமிட ஓட்டத்துக்கெனப் படைக்கப்பட்ட இந்த உடல், மீதி நேரமெல்லாம் தூங்கவே விரும்புகிறது. தினமும் இரு நடை போதும். மெத்தையில் மல்லாந்து நான்கு கால்களையும் மேலே தூக்கிக் கிடப்பது வளர்ப்பவர்களிடையே பேர்போன காட்சி. ஆனால் அணிலோ முயலோ கண்ணில் பட்டால் துரத்தும் குணம் விழித்துக்கொள்ளும் என்பதால், வேலியில்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. கழுத்து தலையைவிடப் பருமனாக இருப்பதால் சாதாரணப் பட்டை நழுவிவிடும். இழுத்தால் இறுகும் அகலப் பட்டை தேவை.

சில வகை மயக்க மருந்துகளிலிருந்து இந்த நாய்கள் தெளிய நெடுநேரமாகும். தைராய்டு அளவு மற்ற நாய்களைவிட இயல்பாகவே குறைந்திருக்கும். பல் நோய்கள், பாதத்தில் ஆணி, முதுமையில் எலும்புப் புற்று ஆகியவை அடிக்கடி காணப்படும். மறுபுறம், செறிவான இரத்தம் காரணமாகப் பல கால்நடை மருத்துவமனைகள் ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகளை இரத்தக் கொடையாளிகளாக நாடுகின்றன.

விவாதம்

தத்தெடுப்புக் குழுக்கள் இரு தரப்பாகவே வளர்ந்தன. பந்தய நிர்வாகத்தின் நிதியில் இயங்குபவை, ஓடுதளங்களோடு நல்லுறவு இருந்தால்தான் நாய்கள் கைக்கு வரும் என்கின்றன. எதிர்த்தரப்போ, வீடு கிடைத்துவிடுகிறது என்ற நிம்மதியில் தொழில் மேலும் குட்டிகளைப் பெருக்குகிறது என்றும், தத்தெடுப்பு அதற்கு முகப்பூச்சு ஆகிறது என்றும் சொல்கிறது. இருதரப்பும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. நாய்கள் தெருக்களில் நடக்கத் தொடங்கியதும், பந்தயத்தையே பார்த்திராத மக்கள் அவற்றின் தழும்புகளைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். விக்டோரியாவில் வீட்டு கிரேஹவுண்டுகளுக்குப் பொதுவிடத்தில் வாய்க்கூடு கட்டாயம் என்ற விதி 2019இல் நீங்கியதற்கும் மக்கள் இவற்றோடு பழகியது ஒரு பின்புலம்.

இன்றைய நிலை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2008இல் வாக்களித்துப் பந்தயத்தை ஒழித்தார்கள். 2018இல் ஃபுளோரிடா வாக்காளர்களில் 69 விழுக்காட்டினர் அதே முடிவை எடுத்தனர். அங்கு 2020 இறுதியோடு பந்தயம் நின்றது. 2022க்குப் பின் அமெரிக்காவில் நாய்கள் ஓடுவது மேற்கு வர்ஜீனியாவின் இரு தளங்களில் மட்டுமே. 2024 டிசம்பரில் நியூசிலாந்து அரசும், 2025 பிப்ரவரியில் வேல்ஸ் அரசும் பந்தயத்தை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்தன.

இதனால் தத்தெடுப்புக் குழுக்களின் நிலையும் தலைகீழானது. நாய்கள் மிகுந்து வீடுகள் குறைந்திருந்த அமெரிக்காவில் இப்போது விண்ணப்பித்த குடும்பங்கள் காத்திருக்கின்றன. சில குழுக்கள் அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நாய்களை வரவழைக்கின்றன. வந்து சேர்ந்த நாயின் காதை மெல்ல மடக்கி, மங்கிய குறிகளை விளக்கொளியில் படித்து, அது எங்கே பிறந்தது, எத்தனை முறை ஓடியது என்று தேடிப் பார்ப்பது புதிய குடும்பங்களின் முதல் வேலைகளுள் ஒன்று.