மிஸ்டு கால் முதல் க்யூஆர் கோடு வரை: பனியன் ஊர் செல்போன் கற்ற கதை

புது செல்போன் வாங்கினால் பெட்டிக்குள் சார்ஜருக்கு அடியில் ஒரு குட்டிப் புத்தகம் இருக்கும். (இப்போது பல பெட்டிகளில் சார்ஜரே இல்லை, புத்தகமும் மடித்த துண்டுச் சீட்டாகிவிட்டது. அது வேறு கதை.) அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தவர் உங்களுக்குத் தெரிந்து யாராவது உண்டா? இருக்க மாட்டார்கள். ஆனாலும் திருப்பூரில் பவர் டேபிளில் உட்கார்ந்து தைப்பவரிலிருந்து ஏற்றுமதிக் கம்பெனி முதலாளி வரை எல்லோரும் போனைப் பிழிந்து எடுக்கிறார்கள். எங்கே கற்றார்கள்? இதற்கான பதில் போன் கம்பெனிகளின் விளம்பரத்தில் இல்லை, கட்டண அட்டையில் இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போவோம். உள்நாட்டுக்குப் பனியன் தைத்துக்கொண்டிருந்த திருப்பூருக்கு 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி வந்ததிலிருந்து ஏற்றுமதிக் கதை தொடங்குகிறது. பையர் ஐரோப்பாவில், தையல் நொய்யல் கரையில். நடுவில் டெலக்ஸ், டிரங்க் கால், பிறகு ஃபேக்ஸ். இது முதலாளிகளின் பக்கம். தொழிலாளிகளின் பக்கம் மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத். மதுரை, தேனி, திண்டுக்கல் என்று தென்மாவட்டங்களிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியவர்கள் ஊருக்குப் பேசுவது வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் கட்டணம் குறையும் இரவு நேரத்தில், வரிசையில் நின்று. கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். சம்பளம், உடம்பு, கடன், தங்கச்சி கல்யாணம் எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள். நேரத்தைக் காசாக எண்ணிப் பேசும் வித்தை செல்போனுக்கு முன்பே இந்த ஊருக்குக் கைவந்திருந்தது.

1995 ஜூலை 31-ல் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. பேசியவர்கள் மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசுவும் மத்திய அமைச்சர் சுக்ராமும். அன்றைய உச்சக் கட்டணம் நிமிடத்துக்கு 8 ரூபாய் 40 காசு, நெரிசல் நேரத்தில் 16 ரூபாய் 80 காசு. இதில் வேடிக்கை, வருகிற அழைப்புக்கும் காசு! கூப்பிட்டவரும் கொடுக்க வேண்டும், எடுத்தவரும் கொடுக்க வேண்டும். ஆகவே ஆரம்பகாலத்தில் போன் வைத்திருந்தவர்கள் முதலில் கற்றது பேசுவதை அல்ல, எடுக்காமல் இருப்பதை. எண்ணைப் பார்த்து 'கட்' செய்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் தரைவழி போனிலிருந்து திருப்பிக் கூப்பிடுவது. பின்னாளில் ஏழைகளின் ஆயுதமான மிஸ்டு கால், பணக்காரர்களின் சிக்கனத்தில் பிறந்தது என்று சொன்னால் தப்பில்லை.

1999-ல் ஏர்செல் தமிழ்நாட்டில் சேவை தொடங்கியது. ஆனால் உண்மையான திருப்பம் 2003 மே 1. அன்று முதல் 'கூப்பிடுபவரே கட்டணம் தருவார்' என்ற முறை வந்து, வருகிற அழைப்பு இலவசமானது. அதே வருடம்தான் டார்ச் லைட்டோடு நோக்கியா 1100 வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததை எந்தப் பொருளாதாரப் பாடப்புத்தகமும் கொண்டாடவில்லை, ஆனால் கொண்டாடியிருக்க வேண்டும். காசு இல்லாத போனும் இப்போது உபயோகமான போன். சிம் உயிரோடு இருந்தால் போதும், உலகம் நம்மைக் கூப்பிடலாம்.

இங்கேதான் மிஸ்டு கால் ஒரு மொழியாக வளர்ந்தது. ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்துவிட்டேன். இரண்டு ரிங் என்றால் கிளம்பி வா. விடாமல் அடித்தால் அவசரம், எடு. கிராமத்திலிருந்து ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி வேன் திருப்பத்துக்கு வந்துவிட்டது என்று சொல்ல ஒரு மிஸ்டு கால் போதும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எந்த மெனுவிலும் இப்படி ஒரு வசதி கிடையாது. போன் கம்பெனிக்கு ஒரு பைசா வருமானம் தராமல் அதன் கோபுரத்தையும் கம்பியையும் பயன்படுத்தும் முறை இது! வணிகவியல் படிப்பவர்கள் இதை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவார்களோ தெரியவில்லை :-)

அரசாங்கமே பிறகு இதைக் காப்பியடித்தது. வருங்கால வைப்பு நிதி நிறுவனம், பதிவு செய்த எண்ணிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் பி.எஃப். இருப்பை எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பும் சேவையைத் தொடங்கியது. பிடித்தம் செய்த பணம் உண்மையிலேயே கணக்கில் ஏறியதா என்று ஒரு செக்கிங் தொழிலாளி யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ள முடிகிறது. முன்பெல்லாம் அது ஆபீஸ் ரூமில் நின்று கேட்க வேண்டிய கேள்வி, கேட்டவரின் பெயர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளப்படும் கேள்வி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருப்பூரில் சுவர், கரண்ட் கம்பம், பேக்கரி வாசல் என்று எங்கே பார்த்தாலும் 'ஆட்கள் தேவை' நோட்டீஸ் இருக்கும். ஓவர்லாக், பேட்லாக், கட்டிங், அயர்னிங் என்று எழுதி, கீழே ஒரு செல் நம்பர். பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் குழுக்கள் ஆர்டர் இருக்கும் இடத்துக்கு மாறிக்கொண்டே இருப்பவை. எந்தக் கம்பெனியில் ஒரு பீஸுக்கு எவ்வளவு என்பதை டீக்கடை வரை போய்த் தெரிந்துகொண்ட காலம் போய், டீ பிரேக்கில் ஒரு போனில் தெரிந்துகொள்ளும் காலம் வந்தது. விலை தெரிந்தவன் பேரம் பேசுவான். போனின் 'முழுப் பயன்' என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும், கேமராவின் மெகாபிக்சலை அல்ல.

சரி, பேசுவது ஆயிற்று. எழுதுவது? இங்கேதான் தமிழ் இடித்தது.

ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கில எழுத்து 160 போகும். யூனிகோட் தமிழில் எழுதினால் 70-தான். அந்த 70-லும் ஒரு சூட்சுமம் உண்டு. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி இடம் பிடிக்கும். 'சம்பளம் வந்தாச்சு' என்பது நாம் எண்ணும்போது பத்து எழுத்து. போன் எண்ணும்போது 16, நடுவில் விட்ட இடத்தையும் சேர்த்தால் 17. அதாவது 70-ல் கால்வாசி காலி. அதோடு அனுப்புகிற போனில் தமிழ் இருந்தாலும் வாங்குகிற போனில் இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள்தான் தெரியும். 2005 பொங்கலின்போது சிங்கப்பூரில் முத்து நெடுமாறனின் 'செல்லினம்' வெளியாகி, செல்போனில் தமிழில் செய்தி அனுப்பும் வழியைத் திறந்தது. மலேசியா, சிங்கப்பூர் தமிழர்கள் நமக்கு முன்னால் போன இடங்களில் இதுவும் ஒன்று. ஆனால் திருப்பூர் அறைகளில் இருந்த சாதாரண போன்களில் நடந்தது வேறு. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினார்கள். ஏ, பி, சி, டி சரியாகத் தெரியாதவர்கள் எழுதவே இல்லை. பத்து விரலும் ஊசி நூலில் பழகிய பலருக்கு எஸ்.எம்.எஸ். பெட்டி என்பது கம்பெனி விளம்பரம் வந்து விழும் இடம், அவ்வளவுதான்.

ஸ்மார்ட்போன் வந்தபோதும் இந்தப் பிரச்சினை தீரவில்லை. இந்தியாவில் முதல் ஆண்ட்ராய்டு போன் 2009-ல் வந்தது (எச்.டி.சி. மேஜிக்). இணையம் முழுக்கக் கையில் இருக்கிறது, ஆனால் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாக நிற்கும். அப்போது வாய்வழியாகப் பரவிய ஒரு வித்தை பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். ஓபரா மினி உலாவியில், முகவரி எழுதும் இடத்தில் 'ஓபரா', ஒரு முக்காற்புள்ளி, 'கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். ஒரு ரகசியப் பக்கம் திறக்கும். அதன் அடியில் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டவா என்று ஒரு கேள்வி இருக்கும். 'ஆம்' என்று மாற்றிச் சேமித்தால் முடிந்தது. அதன் பிறகு சர்வரே தமிழ் எழுத்துகளைப் படமாக மாற்றி அனுப்பும், போனில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் படிக்கலாம். சாதாரண பட்டன் போனிலும் இது வேலை செய்தது. எத்தனை பேர் தங்கள் போனில் முதன்முதலாகத் தமிழ்ச் செய்தி படித்தது இந்தக் குறுக்குவழியில்! பிறகு ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புகளில் தமிழ் வந்தது. 2013-ல் ஐஓஎஸ் 7 தமிழ் விசைப்பலகையோடு வந்தது. ஓபரா வித்தை தேவையற்றுப் போய் மறந்தும் போனது.

ஆனால் விசைப்பலகை வந்ததைவிடப் பெரிய திறப்பு எழுத்தே தேவைப்படாமல் போனது. 2013-ல் வாட்ஸப்பில் குரல் செய்தி வந்தது. 2017 ஆகஸ்டில் கூகுள் தன் பேச்சுத் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது. பட்டனை அழுத்திப் பேசு, விடு. பள்ளிக்கூடம் போகாத அம்மாவும் ஊரிலிருந்து பதில் சொல்லலாம்.

அதற்கு டேட்டா வேண்டுமே? ஒரு ஜிபி சுமார் 250 ரூபாய் விற்ற காலத்தில் பாட்டும் படமும் மெமரி கார்டில் ஏற்றித் தரும் கடைகள்தான் ஏழைகளின் இணையம். பத்து இருபது ரூபாய் கொடுத்தால் கார்டு நிரம்பும். அங்கிருந்து ப்ளூடூத்தில் அறைக்குள் பரவும். 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ இலவச டேட்டாவோடு இறங்கியதும் அந்தக் கடைகளின் மவுசு போயிற்று.

கம்பெனிகளிலும் வேலைமுறை மாறியது. காலர் வளைந்திருக்கிறதா, பிரிண்ட் தள்ளி விழுந்திருக்கிறதா, உடனே ஒரு போட்டோ எடுத்து பையர் ஆபீஸுக்கு அனுப்பலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் போன் உதவாது என்பதையும் இந்த ஊர் சீக்கிரமே கற்றது. சாயத்தின் ஷேடு போன் திரையில் நம்ப முடியாது. ஒவ்வொரு திரையிலும் ஒரு நிறம். ஆகவே லேப் டிப் துண்டு இன்றும் கூரியரில்தான் போகிறது, குறிப்பிட்ட விளக்கு வெளிச்சத்தில் வைத்துத்தான் பார்க்கப்படுகிறது. துணியின் கனமும் அப்படித்தான், வெட்டி எடை போட்டால்தான் ஜிஎஸ்எம் தெரியும்.

அடுத்து பணம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. சனிக்கிழமை தோறும் கையில் சம்பளம் எண்ணித் தரும் ஊருக்கு இது என்ன அடி என்று விளக்க வேண்டியதில்லை. அந்த டிசம்பரிலேயே சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் திருத்தம் வந்து, தொழிலாளியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமலே சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடலாம் என்றானது. அதே 2016-ல்தான் யுபிஐ தொடங்கியது. சம்பளம் கணக்கில் விழுந்தால் அடுத்த நிமிடம் ஊருக்கு அனுப்பலாம், பேக்கரியில் க்யூஆர் கோடு காட்டினால் டீக்கும் கொடுக்கலாம். பூத் வாசலில் வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகள் இதை ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டார்கள்.

அதற்கு விலை என்ன என்பது 2018 பிப்ரவரியில் தெரிந்தது. ஏர்செல் கோபுரங்கள் தமிழ்நாட்டில் ஒவ்வொன்றாக அணைந்தன, அந்த மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனுவுக்குப் போனது. வேறு கம்பெனிக்கு எண்ணை மாற்ற முதலில் ஏர்செல் சிம்மிலிருந்தே ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். சிக்னலே இல்லாமல் எப்படி அனுப்புவது? சிக்னல் கிடைத்த இடம் தேடி மக்கள் அலைந்தார்கள். போனதோ வெறும் நம்பர் இல்லை. வங்கியின் ஓடிபி, ஆதார், பி.எஃப். எல்லாம் அந்தப் பத்து இலக்கத்தில்தான் கட்டப்பட்டிருந்தன. பழைய எண் போனால் தன் சொந்தப் பணத்தின் வாசலிலேயே அந்நியனாக நிற்க வேண்டும். இந்தப் பாடமும் எந்தக் குட்டிப் புத்தகத்திலும் இருந்ததில்லை.

இதற்குள் திருப்பூரின் தையல் அறைகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் குரல்கள் சேர்ந்திருந்தன. தமிழ் படிக்கத் தெரியாத அவர்களுக்கு இந்த ஊரில் போன்தான் வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர், வங்கி, சினிமா கொட்டகை. 2020 ஊரடங்கில் ரயில் எப்போது என்று தெரிந்துகொண்டதும் அதில்தான். எழுத்தைத் தாண்டிக் குரலும் வீடியோவுமாகப் போனை முழுதாகக் கற்றவர்கள் அவர்கள்.

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் அந்தப் போன்களில் சில வீடியோக்கள் வந்தன. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளிகள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்ற செய்தியோடு. பொய். அவற்றில் ஒன்று பீகார் தொழிலாளிகள் இரு தரப்பாகத் தங்களுக்குள் மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களின் சண்டை என்று தமிழகக் காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு வீடியோவிலேயே விளக்கினார். ஆனால் வீட்டிலிருந்து விடாமல் அழைப்பு வருகிறது, உடனே கிளம்பி வா என்று அம்மா அழுகிறாள், அறையில் பக்கத்துப் பாயில் இருப்பவன் மூட்டை கட்டுகிறான். யார் நின்று யோசிப்பார்கள்? ஹோலிக்கு ஊர் போகிறவர்களின் வழக்கமான ரயில் நிலையக் கூட்டமும் 'பார், ஓடுகிறார்கள்' என்பதற்குச் சாட்சியாக வீடியோ ஆனது. பல கம்பெனிகளில் மிஷின்கள் ஆளில்லாமல் நின்றன.

திருப்பூர் காவல்துறை இந்தியில் பேசும் உதவி எண் அறிவித்தது, கம்பெனிகளுக்கே போய்த் தொழிலாளிகளிடம் பேசியது. பீகார் அரசின் அதிகாரிகள் குழு ஒன்று திருப்பூர் வந்து தொழிலாளிகளைச் சந்தித்தது. பொய் வீடியோ பரப்பியதாக வழக்குகள் பதிவாகி, அந்த மாதமே பீகாரில் ஒரு யூடியூபர் கைதானார். எந்த வீடியோ எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று கேட்டுப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் அதுவரை யாரும் யாருக்கும் சொல்லித் தந்திருக்கவில்லை. மிஸ்டு கால் போல அது தேவையிலிருந்து தானாகப் பிறக்கவும் இல்லை. ஹோலி முடிந்து ரயில்கள் திரும்பியபோது போனவர்களில் பலர் அவற்றில் வந்து இறங்கினார்கள்.