பிடியரிசியும் பள்ளி அறமும்

தென்னார்க்காடு மாவட்டத்தின் கீழைப் பகுதியாகிய சிதம்பரத்தில், 1864-ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதே மாவட்டத்தின் மேலை எல்லையில், கள்ளக்குறிச்சிக்கு அப்பால் நின்ற கல்வராயன் மலை அந்நாளில் சாகீர்தார்கள் கையில் இருந்தது. அவர்தம் ஆட்சி நீங்கிய ஆண்டு 1976. பழைய தென்னார்க்காடு 1993-இல் பிரிந்ததும், கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமானதும் அண்மைச் செய்திகள். கடல் கடந்து வந்த அறம் கோயில் நகரில் பள்ளி கண்டது. உள்நாட்டு மலைக்கு அத்தகைய அறம் ஏறிச் செல்லவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்க்கும்போது ஒரு வினா எழுகின்றது. பள்ளி அறத்தை நிலைநிறுத்துவது எது? கட்டடமா, அன்றி நாள்தோறும் அதனைத் தாங்கும் பொருளா? இவ்வினாவுக்கு யாழ்ப்பாணத்து வரலாறே தெளிவான விடை தருகின்றது. அந்நாட்டுப் பள்ளிகள் கால் நூற்றாண்டுப் போரைக் கடந்து வந்தவை ஆதலின்.

அமெரிக்க மிசனரிமார் 1816-இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரியைக் கண்டனர். கல்வி வேண்டுவோர் மிசன் பள்ளிகளையே நாட வேண்டியிருந்த நிலையில், வெசுலியன் மிசன் பள்ளியில் ஆசிரியராய் இருந்த நாவலர் 1848-இல் அப்பணியைத் துறந்து, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மாணாக்கரிடம் சம்பளம் பெறவில்லை. பொருளுக்கு வழி யாது? ஊர்ப் பெண்டிர் உலையில் அரிசியிடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியே வைத்தனர். அவ்வரிசி திரட்டப்பட்டுப் பள்ளிக்குப் பயன்பட்டது. இதனைச் சிறு செய்தியெனத் தள்ளுதல் கூடாது. செல்வர் ஒருவர் தரும் பெருந்தொகை ஒருமுறை வருவது. பிடியரிசி அடுப்பெரியும் நாளெல்லாம் வருவது. ஆசிரியர் ஊதியமும் அத்தகையதே. திங்கள்தோறும் எழும் செலவுக்கு நாள்தோறும் ஊறும் வருவாயைத் தேடியதிலேயே நாவலரின் நிருவாக அறிவு விளங்குகின்றது. அச்சுக்கூடம் அமைத்துப் பாலபாடங்களை வெளியிட்டதும் இம்முயற்சியோடு சேர்த்து எண்ணத்தக்கது. அவரே 1872-இல் தொடங்கிய சைவாங்கில வித்தியாசாலை சில ஆண்டுகளில் மூடப்பட்டது. அவர் ஊக்கத்தில் குறைவில்லை, பொருள்தான் போதவில்லை.

நாவலர்க்குப் பின் இவ்வறம் தனி மனிதர் கையினின்று கழகங்களின் கைக்கு மாறிற்று. சைவ பரிபாலன சபை 1888-இல் தோன்றியது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி 1890-இல் உருப்பெற்றது. இராசரத்தினம் முன்னின்று நடத்திய சைவ வித்தியா விருத்திச் சங்கம் 1923-இல் எழுந்து ஊர்தோறும் பள்ளிகளை நிறுவியது. மட்டக்களப்பில் விபுலாநந்த அடிகள் 1929-இல் சிவானந்த வித்தியாலயத்தைக் கண்டார். அடுத்த 2 ஆண்டுகளில் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரம் வந்தது, நாவலர் வந்த வழியே மீண்டும் ஒருவர் வந்ததாகும். இக்காலத்தில் அரசின் நன்கொடை ஊதியத்தின் பெரும்பகுதியைத் தாங்கிற்று. நிலமும் கட்டடமும் ஊரார் பொறுப்பாயின.

இவ்வறத்தின் குறையையும் மறைத்தல் ஆகாது. நாவலர் காலத்துச் சைவப் பள்ளிகள் சாதி வரம்பைக் கடக்கவில்லை. ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளை ஏனைப் பிள்ளைகளோடு சமமாக அமர்த்த வேண்டும் என்னும் ஆணை 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்தபோது, யாழ்ப்பாணத்தில் பள்ளிகள் சில தீயிடப்பட்டன. யாழ்ப்பாணத்துப் பள்ளிக் கூரைகள் முதன்முதல் எரிந்தது பகைவர் படையால் அன்று என்பது ஆராய்வோர் நெஞ்சில் இருக்க வேண்டிய செய்தி.

உதவி பெறும் பள்ளிகளின் நிருவாகத்தை அரசு ஏற்கும் சட்டம் 1960-இலும், அவற்றின் உடைமையை அரசுக்கு உரித்தாக்கும் சட்டம் 1961-இலும் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறின. பிடியரிசியால் வளர்ந்த பள்ளிகள் பல கொழும்பின் உடைமையாயின. இதனைச் சைவ உலகின் பேரிழப்பாகக் கூறுவது வழக்கம். நிருவாக உரிமை போயிற்று என்பது மெய்யே. ஆயினும் பின்னர் நிகழ்ந்தவற்றைக் கொண்டு நோக்கின் இம்முடிபு முழுதும் பொருந்துவதன்று என்பது எம் கருத்து.

போர் 1983 முதல் 2009 வரை நீண்டது. வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பரப்பு விடுதலைப் புலிகளின் ஆட்சியில் இருந்த காலத்தும், அங்கிருந்த ஆசிரியர்க்குக் கொழும்பு அரசே ஊதியம் அளித்து வந்தது. பொதுத் தேர்வுகளையும் அதன் தேர்வுத் துறையே நடத்திற்று. சங்கமொன்றின் கையில் நூற்றுக்கணக்கான ஆசிரியர் ஊதியம் இருந்திருப்பின், ஊர்கள் இடம்பெயர்ந்த நாளிலேயே அச்சங்கம் முறிந்திருக்கும். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேர வெளியேறியபோது பிடியரிசி எடுத்து வைக்க எந்த வீட்டில் உலை இருந்தது? இதனுள் ஒரு கொடிய முரணும் உண்டு. அவ்வாண்டு செப்டம்பர் 22 அன்று வடமராட்சி நாகர்கோவில் மகா வித்தியாலயத்தில் குண்டு வீசி மாணாக்கரைக் கொன்ற வான்படைக்கும், அப்பள்ளி ஆசிரியர்க்கும் ஊதியம் தந்தது ஒரே அரசு. வரலாற்றாசிரியன் இவ்விரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

காங்கேசன்துறை நடேசுவராக் கல்லூரியின் கதை ஈண்டுக் கருதத்தக்கது. அது 1990-இல் தன் நிலத்தை விட்டு நீங்கிற்று. அந்நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. கல்லூரி வேற்றிடங்களில் தன் பெயரோடே இயங்கி, 2016-இல் சொந்த மண்ணுக்கு மீண்டது. கட்டடம் இன்றி 26 ஆண்டுகள் ஒரு பள்ளி பள்ளியாகவே இருந்தது. ஆசிரியரும், வருகைப் பதிவேடும், தேர்வெழுதும் உரிமையும் தொடர்ந்தமையே காரணம்.

அரசு ஊதியத்தால் எல்லாம் நிறைந்தன என்று கொள்ளற்க. கூரையும் தளவாடமும் நூலும் பழைய மாணவர் சங்கங்கள் தேடிக் கொடுத்தவை. இலண்டனிலும் தொராந்தோவிலும் குடியேறியோர் அனுப்பிய பொருளும் அவற்றுள் அடங்கும். அவர்தம் அன்பு போற்றற்பாலது. எனினும் கொடையாளர் மனம் பெயர் பொறித்த கல் பதிக்கக்கூடிய மண்டபத்தையே நாடும். கணித ஆசிரியர் ஒருவரின் 5 ஆண்டு ஊதியத்தில் எந்தக் கல்லைப் பதிப்பது? நாவலர் காலத்துப் பிடியரிசியில் எவர் பெயரும் இல்லை.

இனி, மலைக்கு வருவோம். கல்வராயன் மலையில் படைப்போர் நிகழவில்லை. ஆயினும் ஊர்கள் சிதறிக் கிடத்தலும், வழி இன்மையும், உழவர் வறுமையும் பிள்ளைகளைப் பள்ளியினின்று பிரித்தன. அங்குக் கல்வியைத் தாங்குவன அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். பெயரிலேயே உணவும் உறைவிடமும் உள்ளன. பிடியரிசி செய்த பணியை அங்கு அரசின் வரவு செலவுத் திட்டம் செய்கின்றது. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் பலர் மாண்ட பின்னர், சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து மலைமக்களின் அடிப்படைத் தேவைகளை விசாரிக்கத் தொடங்கியது. சாலையும் பள்ளியும் ஒரே வழக்கில் பேசப்படுதல் பொருத்தமே. மலைப்பள்ளிக்குச் சுவர் எழுப்புவோர் பலர் கிடைப்பர். மழைக்காலத்தில் அங்கேயே தங்கிப் பாடஞ் சொல்லும் ஆசிரியரை வைத்திருப்பதே அரிது.

நாவலர் சிதம்பரத்தில் நிறுவிய பள்ளியோ 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இலங்கையிலுள்ள உடன்பிறந்த பள்ளிகள் அரசின்பாற் சென்ற பின்னும், அது நிறுவியவர் பெயரோடு மேனிலைப் பள்ளியாக நடந்து வருகின்றது.