வாத்தியம் இல்லாத பாட்டு: நம்ம பெண்கள் சேர்ந்து பாடிய வரலாறு



மலருக்கு ஒரு கட்டுரை வேணும்னு கேட்டாங்க. சேமிப்பு, கடன், தொழில் பற்றி மற்றவங்க நல்லா எழுதுவாங்க. நான் பாட்டைப் பற்றி எழுதுறேன். மேளம் இல்லை, ஆர்மோனியம் இல்லை; வாயும் கையும்தான். பத்துப் பெண்கள் சேர்ந்து நின்னு பாடுற பாட்டு. நம்ம ஊர்ப் பக்கம் குழு என்கிற பேரு வர்றதுக்கு ரொம்பக் காலம் முந்தியே அப்படி ஒரு குழு இருந்துச்சு. அதோட வரலாறு நமக்குத் தெரியணும்.

ஏழு பெண்கள், ஏழு சுரம்

பெண்கள் கூடிப் பாடியதற்குத் தமிழில் ரொம்பப் பழைய சாட்சி சிலப்பதிகாரம். அதில் ஆய்ச்சியர் குரவை என்று ஒரு பகுதி இருக்கு. நடந்த இடம் மதுரைப் பக்கம், மாடு வளர்க்கிறவங்க குடியிருப்பு. மாதரி என்கிற வயசான அம்மா, மோர் விற்றுப் பிழைக்கிறவங்க. கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்தது அவங்கதான். ஒரு நாள் காலையில் பார்த்தா, குடத்துப் பால் உறையலை. உறியில் இருந்த வெண்ணெய் உருகலை. காளையோட கண்ணில் நீர் வடியுது. மாட்டுக் கழுத்து மணி அறுந்து கீழே விழுது. ஏதோ கெட்டது வரப்போகுதுன்னு மாதரி பயந்துபோறாங்க.

பயந்தவுடனே அவங்க செஞ்சது என்ன? பெண்களைக் கூப்பிட்டாங்க. ஏழு பெண்களை வட்டமா நிறுத்தி, ஆளுக்கு ஒரு சுரத்தோட பேரை வச்சாங்க. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இன்னைக்கு ச ரி க ம ப த நி என்று சொல்றோமே, அதுக்குப் பழைய தமிழ்ப் பேரு இவை. ஏழு பேரும் கை கோத்துப் பாடி ஆடினாங்க.

மாடு வச்சுப் பால் ஊத்துற நம்ம உறுப்பினர்கள் இதைப் படிச்சா மாதரியை அடையாளம் தெரிஞ்சுக்குவாங்க. பால் கெட்டுப்போனா அன்னைக்கு வீட்டுல என்ன பதற்றம் இருக்கும்னு நமக்குத் தெரியுமே!

அதே சிலப்பதிகாரத்தில் வஞ்சிக் காண்டத்தில் அம்மானை, பந்தாட்டம், ஊஞ்சல், உலக்கைக் குத்து ஆகியவற்றுக்கான பாட்டு வகைகளும் வருது. உலக்கைப் பாட்டுக்கு வள்ளைப்பாட்டு என்று பேரு. பின்னால் வந்த மாணிக்கவாசகர், மதுரைக்குப் பக்கத்துத் திருவாதவூர்க்காரர், திருவாசகத்தில் பெண்களோட பாட்டு முறைகளை நிறைய எடுத்துக்கொண்டார். சுண்ணம் இடிக்கும்போது பாடுவதாகத் திருப்பொற்சுண்ணம். அம்மானை ஆடுவதாகத் திருவம்மானை. ஊஞ்சலுக்குத் திருப்பொன்னூசல். மார்கழியில் ஒருத்தி வீட்டு வாசலில் மற்றவங்க நின்னு எழுப்புவதாகத் திருவெம்பாவை. புலவர் எழுதினது நிலைச்சுப்போச்சு. அவருக்கு முன்னால உரலடியிலும் ஊஞ்சலிலும் பாடின பெண்கள் யாருன்னு எங்கேயும் எழுதி வைக்கலை. இந்தக் குறையை மறக்காம வச்சுக்குங்க, திரும்ப வர்றேன்.

வாத்தியம் ஏன் இல்லை?

காரணம் லேசானது. வேலை செய்யுற கைக்கு வாத்தியம் பிடிக்க நேரம் ஏது? நடவு நடும்போது இரண்டு கையும் சேத்துல. நெல் குத்தும்போது கையில உலக்கை. அதனால தொண்டைதான் வாத்தியம், உலக்கை விழுற சத்தம்தான் தாளம். முளைப்பாரிக் கும்மியில் மட்டும் கை சும்மா இருக்கும். அங்கே கைதட்டே தாளம்.

பாடுற முறை எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒருத்தி எடுத்துக் கொடுப்பா, மற்றவங்க வாங்கிப் பாடுவாங்க. எடுத்துக் கொடுக்கிறவளுக்கு மூச்சு வாங்குற நேரம் மற்றவங்க பாடுற நேரம். அவள் களைச்சுப்போனா இன்னொருத்தி எடுப்பா. நல்ல குரல் இல்லாதவளும் பாடலாம், கூட்டத்துல அவ குரலும் சேர்ந்துக்கும். பாட்டு முடியுற இடத்துல குலவை. வார்த்தையே இல்லாம நாக்கைச் சுழற்றி எல்லாரும் ஒண்ணா எழுப்புற அந்தச் சத்தம் நம்ம சீமைக்கே உரியதுன்னு சொல்ற அளவுக்கு இங்கே ஊறிப்போனது.

இன்னொரு காரியமும் இந்த முறையில நடந்துச்சு. நடவுப் பாட்டுல கூலி குறைச்சதைப் பாடுவாங்க. மாமியார் கொடுமையைப் பாடுவாங்க. குடிகாரப் புருஷனைப் பாடுவாங்க. தனியா ஒருத்தி சொன்னா அடி விழும். இருபது பேர் வாயில வந்தா, யார் சொன்னதுன்னு யாரைப் பிடிச்சுக் கேட்கிறது? நாம இன்னைக்கு மனுவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோமே, அதே தைரியம்தான்.

பழசு எல்லாமே நல்லதுன்னு நான் சொல்ல வரலை. ஒரு தெருக் கும்மியில இன்னொரு தெருப் பெண் சேர முடியாத காலம் அது. கூலிக்கு ஒப்பாரி பாடினவங்க பாட்டை எல்லாரும் கேட்டு அழுதாங்க, பாடினவங்களைத் திண்ணையில உட்கார விடலை. இன்னைக்கு நம்ம கூட்டத்துல எல்லாத் தெருவும் ஒரே பாயில உட்கார்றது அந்த வட்டத்தை விடப் பெருசு.

பாட்டு எப்படி நின்னுச்சு?

கண்டனூருக்கும் புதுவயலுக்கும் சேர்த்து ஒரே ரயில் நிலையம். புதுவயல் என்றாலே அரிசி ஆலை என்று எல்லாருக்கும் தெரியும். ஆலை வந்தது நம்ம தோள்பட்டைக்கு விடுதலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனா உலக்கை மூலைக்குப் போனதும் உலக்கைப் பாட்டும் கூடவே போயிருச்சு. பாட்டு வேலையோட ஒட்டிப் பிறந்தது; வேலை மாறினா தனியா நிற்க அதுக்கு இடம் இல்லை.

முளைப்பாரி மட்டும் இன்னும் நடக்குது. சட்டியில எரு போட்டு, விதை தூவி, இருட்டறையில வளர்த்து, ராத்திரி முளைக்கொட்டுத் திண்ணையில கும்மி கொட்டுறோம். ஆனா இப்போ மைக் செட்டுதான் பாடுது, நாம கை தட்டுறோம். பெட்டி வேகமாப் போனா நாமும் வேகமா ஓட வேண்டியிருக்கு. முன்னே எடுத்துக் கொடுத்த அப்பத்தாக்கள் ஓரமா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச பாட்டை யாரும் கேட்கிறதில்லை.

என் அப்பத்தா முளைப்பாரிப் பாட்டு ராத்திரி முழுக்கப் பாடும். நான் பத்தாவது படிக்கும்போது, நோட்டும் பேனாவும் வச்சுக்கிட்டே, ஒரு வரி எழுதி வைக்கலை. அது போன பிறகு எனக்கு மெட்டு மட்டும் ஞாபகம் இருக்கு. வார்த்தை இல்லை.

எழுதி வச்சவங்க

எழுதி வச்சவங்களும் இருக்காங்க. 1871-லேயே சார்லஸ் கோவர் என்கிற வெள்ளைக்காரர் தென்னிந்திய நாட்டுப் பாடல்களைப் புத்தகமாப் போட்டார். பெர்சி மெக்வீன் என்கிற ஐ.சி.எஸ். அதிகாரி தமிழ்நாட்டில் சேர்த்து வைத்த பாட்டுகளைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து, 'மலையருவி' என்ற பேரில் 1958-ல் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் வெளியிட்டது. அதன் பிறகு நா. வானமாமலை தொகுத்தார். மதுரையில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் கணவரோடு சேர்ந்து ஊர் ஊராப் போய்ப் பாட்டு சேகரித்தார், தானும் பாடினார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இவங்க செஞ்ச உதவி பெருசு. ஆனாலும் இந்த மாதிரி புத்தகங்களில் தொகுத்தவர் பேரு அட்டையில் இருக்கும், வாய் நோகப் பாடின பெண்ணோட பேரு பெரும்பாலும் இருக்காது.

நம்ம சிவகங்கை மாவட்டத்தில் ஒரு பேரு நிலைச்சிருக்கு. கொல்லங்குடி கருப்பாயி. கிராமத்துப் பாட்டைப் பாடி வானொலி வரைக்கும் போனவங்க. 1985-ல் 'ஆண் பாவம்' படத்தில் நடிச்சுப் பாடினாங்க. 1993-ல் கலைமாமணி விருது. 2025-ல் காலமானாங்க. அவங்களை மாதிரி ஊருக்கு ஒருத்தி இருந்திருப்பா, நாமதான் கேட்டு வைக்கலை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஸ்காட்லாந்துக்கு மேற்கே உள்ள தீவுகளில், நெய்த கம்பளித் துணியை நனைச்சு, மேசையைச் சுத்திப் பெண்கள் உட்கார்ந்து அடிச்சுக் கெட்டிப்படுத்துவாங்க. ஒருத்தி பாட, மற்றவங்க வாங்கிப் பாட, துணி அடிக்கிற சத்தமே தாளம். வாத்தியம் கிடையாது. மில்லு வந்ததும் அந்த வேலை நின்னுபோச்சு. ஆனா மார்கரெட் பே ஷா என்கிற பெண் 1929 முதல் சில வருஷம் அங்கே இரண்டு சகோதரிகள் வீட்டில் தங்கி, பாட்டைக் கேட்டு எழுதி, 1955-ல் புத்தகமாக்கினார். வேலை போன பிறகும் அந்தப் பாட்டை அந்த ஊர்க்காரங்க இன்னைக்கும் பாடுறாங்க.

நம்ம காலத்துப் பாட்டு

பாட்டு நமக்கு எழுத்தறிவும் கொடுத்திருக்கு. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கினப்போ பாட்டு இல்லாம பாடம் இல்லை. சைக்கிள் ஓட்டக் கத்துக்கச் சொல்லி முத்து பாஸ்கரன் எழுதின பாட்டைப் பாடிக்கிட்டே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினாங்க. கல்லு உடைக்கிற இடத்துக்கும் வயலுக்கும் சைக்கிள்லயே போனாங்க. அதே காலத்துல, 1989-ல் தர்மபுரியில் தொடங்கின மகளிர் குழுக்கள் மாநிலம் முழுக்கப் பரவி நம்ம வாசலுக்கும் வந்துச்சு.

மாதரி கூப்பிட்ட ஏழு பேரையும், இன்னைக்கு வட்டமா உட்கார்ற நம்ம பன்னிரண்டு பேரையும் சேர்த்துப் பாருங்க. ஒருத்திக்கு வந்த பயத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கிறதுதான் அன்னைக்கும் நடந்துச்சு, இன்னைக்கும் நடக்குது.

ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகம் வச்சிருக்கோம். அதே மாதிரி ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுவோம். மாசக் கூட்டத்துல கணக்கு முடிஞ்சதும் ஒரு பாட்டு. உறுப்பினரோ, அவங்க வீட்டுப் பெரியவங்களோ பாடட்டும். எழுதத் தெரிஞ்ச பிள்ளை எழுதட்டும். எந்த வேலைக்கு, எந்த நாளில் பாடினது, யாருகிட்ட கத்துக்கிட்டது என்பதையும் சேர்த்து எழுதணும். பாடினவங்க சம்மதிச்சா செல்போன்ல பதிவு பண்ணி வைக்கலாம். ஒப்பாரியையும் விட்டுடாதீங்க, கூட்டத்துல பாடத் தயங்கினா வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுதுங்க.

எல்லாத்துக்கும் மேல, பாடினவங்க பேரை முழுசா, முதல் வரியிலேயே எழுதுங்க. வர்ற முளைப்பாரிக்கு முதல் நாள் ராத்திரி மட்டுமாவது மைக் செட்டை நிறுத்தி வச்சுட்டு, ஓரத்து நாற்காலியில இருக்கிற அப்பத்தாவைக் கையைப் பிடிச்சு வட்டத்துக்குள்ள கூட்டிட்டு வருவோம். அவங்க எடுத்துக் கொடுக்கட்டும், நாம வாங்கிப் பாடுவோம்.