"பத்து வருஷ வாரண்டி" – எதற்கு?



போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். கையில் ஒரு பில். ஃப்ரிட்ஜ் வாங்கி மூன்று வருஷம்தான் ஆகிறதாம், குளிர் நின்றுவிட்டது. வந்து பார்த்த மெக்கானிக், "கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்கு, போர்டு போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, போர்டு விலை, கூலி, வந்துபோன செலவு எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். "சார், கதவுல பெருசா பத்து வருஷ வாரண்டின்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. அப்போ அது பொய்தானே?" என்று கேட்டான். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். அன்று அவனுக்கு அவசரத்தில் சொன்ன பதிலை உங்களுக்கு நிதானமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நம் ஊர்ப் பிரச்சினையும்கூட. 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து கார்கள் வெளிவந்தன. 2007இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஆலை வந்தது. டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் நம் வட்டாரத்திலேயே தயாராக ஆரம்பித்தன. பகலில் இப்படிப்பட்ட பொருள்களை அசெம்பிளி லைனில் பூட்டுகிற பிள்ளைகளே, ஆடித் தள்ளுபடியில் அவற்றைத் தவணைக்கு வாங்குகிறார்கள். ஆகவே அந்த ஸ்டிக்கர் என்ன சொல்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விளம்பரத்தில் தரும் வாக்குறுதி சட்டத்தைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்விக்கு வயது நூற்றுமுப்பதுக்கு மேல். 1891இல் லண்டனில் 'கார்பாலிக் ஸ்மோக் பால்' என்ற மருந்துக் கம்பெனி ஒரு விளம்பரம் செய்தது. எங்கள் உருண்டையைத் தினம் மூன்று வேளை, இரண்டு வாரம் மூக்கில் இழுத்த பிறகும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுன் தருவோம். நம்பிக்கைக்காக 1,000 பவுன் வங்கியில் போட்டிருக்கிறோம் என்றது. கார்லில் என்ற பெண்மணி வாங்கிச் சொன்னபடி பயன்படுத்தினார். 1892 ஜனவரியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பணம் கேட்டபோது, "அது வெறும் விளம்பரப் பேச்சு" என்று கம்பெனி வாதாடியது. வங்கியில் பணம் போட்டிருக்கிறேன் என்று சொன்னவன் விளையாட்டுக்குச் சொல்லியிருக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லி, 100 பவுனை வாங்கிக் கொடுத்தது. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் படிக்கும் வழக்கு இது.

நம் நாட்டுக்கு வருவோம். 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் வாக்குறுதிகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று 'கண்டிஷன்', மற்றது 'வாரண்டி'. கண்டிஷன் மீறப்பட்டால் பொருளையே திருப்பிக் கொடுக்கலாம். வாரண்டி மீறப்பட்டால் நஷ்டஈடு மட்டும்தான் கேட்கலாம். கடையில் நாம் பெரிய கவசம் என்று நினைக்கிற வார்த்தை, அந்தச் சட்டத்தில் இரண்டாம் தரமானது! நம் சொல்லான 'உத்தரவாதம்' அப்படியல்ல. உத்தரம் என்றால் பதில். உத்தரவாதி என்றால் பதில் சொல்லக் கடமைப்பட்டவன், பிணை நிற்பவன். ஸ்டிக்கரைப் பார்க்கிற நம் மனதில் ஓடுவது இந்தப் பழைய அர்த்தம். அட்டையில் இருப்பது அதைவிடச் சின்ன அர்த்தம்.

சரி, ஏன் கம்ப்ரசருக்கு மட்டும் நீண்ட வாரண்டி? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1927இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் 'மானிட்டர் டாப்' என்ற ஃப்ரிட்ஜைக் கொண்டுவந்தது. மோட்டாரையும் கம்ப்ரசரையும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்து மூடி சீல் வைத்துவிட்டார்கள். வாயு கசிவது குறைந்தது. ஆனால் உள்ளே கெட்டால் திறந்து பழுது பார்க்க முடியாது, மொத்தமாக மாற்ற வேண்டும். விலை அதிகம். "அது போனால் என்ன செய்வது?" என்று வாங்குகிறவர் பயந்தது நியாயம். அந்தப் பயத்துக்குப் பதிலாகத்தான் கம்ப்ரசருக்குத் தனி வாக்குறுதி என்ற வழக்கம் நிலைத்தது. அதில் நாணயம் இருந்தது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

காலம் மாறியது. இன்றைய இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜில் கம்ப்ரசரை ஓட்டுவது ஒரு மின்னணு போர்டு. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் முதலில் அடி வாங்குவது பெரும்பாலும் அதுதான். பல கம்பெனிகளின் அட்டையில் கம்ப்ரசருக்குப் பத்து வருஷம், மற்ற பாகங்களுக்கு ஒரே வருஷம். சிலவற்றில், கம்ப்ரசரே போனாலும் கம்ப்ரசர் இலவசம், காஸ் நிரப்புவதும் கூலியும் நம் செலவு. ஆக, எண் பொய் இல்லை. கெட்டுப்போக வாய்ப்புக் குறைந்த பாகத்தின் எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டு, கெடக்கூடிய பாகத்தின் எண்ணை நட்சத்திரக் குறிக்குக் கீழே தள்ளிவிட்டார்கள்.

இது ஏமாற்றா? இங்கேதான் நம் சட்டம் மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறது. 1984இல் எம்.ஆர்.டி.பி. சட்டத்தில் 'நேர்மையற்ற வணிக நடைமுறை' என்ற பகுதியைச் சேர்த்தார்கள். தக்க சோதனை செய்யாமல் ஒரு பொருள் இத்தனை நாள் உழைக்கும் என்று உத்தரவாதம் தருவதும், வாரண்டி என்ற பெயரில் திசை திருப்புவதும் அதற்குள் வந்தன. 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. டிசம்பர் 24ஐ நுகர்வோர் தினமாகப் பள்ளியில் கொண்டாடினோமே, அதற்குக் காரணம் அந்தச் சட்டம்தான்.

1989இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு பேட்டரி விளம்பர வழக்கு வந்தது. 'நொவினோ' பேட்டரியைத் தயாரித்த லக்கன்பால் நேஷனல், "ஜப்பான் நேஷனல் பானசோனிக் கூட்டுறவுடன்" என்று விளம்பரம் செய்தது. கூட்டாளிக் கம்பெனியின் உண்மைப் பெயர் மட்சுஷிடா. நேஷனல், பானசோனிக் இரண்டும் அதன் வணிகப் பெயர்கள். மக்களுக்குத் தெரிந்தது அந்த வணிகப் பெயர்தான், அதனால் யாரும் ஏமாறவில்லை என்று கம்பெனிக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. ஆனால் போகிற போக்கில் நீதிமன்றம் ஓர் அளவுகோலைத் தந்தது: விளம்பரத்தைப் பார்க்கும் சாமானிய மனிதன் என்ன புரிந்துகொள்வான் என்று பார்க்க வேண்டும்.

இந்த அளவுகோலை நம் ஸ்டிக்கருக்கு வைத்துப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் 'பத்து வருஷம்' என்று கண்டால் என் தங்கை என்ன நினைப்பாள்? ஃப்ரிட்ஜுக்குப் பத்து வருஷம் என்றுதான். அப்படியானால் என் தீர்ப்பு இது: எண்ணில் பொய் இல்லை, எழுத்தின் அளவில் பொய் இருக்கிறது.

இது என் சொந்தக் கோபம் மட்டும் இல்லை. 2019ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 2022 ஜூனில் அந்த ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில், பொறுப்புத் துறப்புக் குறிப்பு விளம்பரம் இருக்கிற அதே மொழியில், அதே எழுத்து வடிவில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. தமிழில் பெரிதாக 'பத்து வருஷம்' என்று போட்டுவிட்டு, நட்சத்திரக் குறிப்பை ஆங்கிலத்தில் எறும்பு எழுத்தில் போடுவது இதற்கு முரண்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு வாத்தியார் சொல்வது:

1. "எத்தனை வருஷம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எதற்கு எத்தனை வருஷம்? போர்டுக்கு? காஸுக்கு? கூலிக்கு?" என்று கேளுங்கள். பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

2. பில், வாரண்டி அட்டை, கதவு ஸ்டிக்கர், விளம்பர நோட்டீஸ் நான்கையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கார்லில் அம்மையார் ஜெயித்தது விளம்பரத்தைக் காட்டித்தான்.

3. தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

அந்த மாணவன் கிளம்பும்போது, "அப்போ நான் கேஸ் போடலாமா சார்?" என்றான். முதலில் 1915க்குப் போன் போடு, ஸ்டிக்கரைக் கிழிக்காதே என்று சொல்லி அனுப்பினேன். என்ன ஆனது என்று தெரிந்ததும் எழுதுகிறேன்.

நீங்களும் உங்கள் வீட்டு அட்டையைத் தேடி எடுத்து, போர்டுக்கு எத்தனை வருஷம் போட்டிருக்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். வீட்டுப்பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்